தகாயாமாவுக்கு கைடு எதுக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல, ஜப்பான்ல ஹிடா மலைப்பகுதியில இருக்கற தகாயாமாங்கற பழைய ஊர்ல ஒரு உள்ளூர் கைடு கூட நடந்த அனுபவத்தை எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகளைப் பாத்தா நிறைய பேர் நிஜமாவே டிக்கெட் போடற யோசனையில இருக்காங்கன்னு தெரியுது, அதனால இந்த வாரம் முழுக்க அந்த ஊர் கேள்விகள் மட்டும்தான்.

கேள்வி: சன்மாச்சி பழைய தெரு மொத்தமே ரெண்டு மூணு தெருதான்னு வீடியோல பாத்தேன். மேப் இருக்கு, டிரான்ஸ்லேட் ஆப் இருக்கு. அரை நாளுக்கு காசு குடுத்து பிரைவேட் கைடு வேணுமா மேடம்? (முதல் தடவை ஜப்பான் போற ஒரு வாசகர்)

நியாயமான கேள்வி. முதல் தடவை போனப்ப நானும் இதே கணக்குதான் போட்டேன். நகோயாவுல இருந்து ரெண்டரை மணி நேரம் ரயில், ஆத்தை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு மலைக்குள்ள ஏறும், அதுவே கண்ணுக்கு விருந்து, இறங்கி நேரா சன்மாச்சிக்குப் போய் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன், கறுப்பு மர வீடு, வாசல்ல தொங்கற துணி, கடை, கூட்டம், போட்டோ, முக்கா மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சு சாயங்கால பஸ்ல கிளம்பியாச்சு. ஊர் எப்படி இருந்துச்சுன்னு வீட்ல கேட்டப்ப அழகா இருந்துச்சுங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லத் தெரியல.

ரெண்டாவது தடவை கைடு வெச்சேன். அறுபது வயசு தாண்டின ஒரு அம்மா, அதே ஊர்ல பொறந்து வளந்தவங்க. அதே தெருவை மூணு மணி நேரம் நடந்தோம். முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஒரு வீட்டு முன்னாடி நிறுத்தி, "இந்த மரம் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்குன்னு நினைக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. பழசு, அதான்னு சொன்னேன். இல்லைன்னு தலையை ஆட்டினாங்க. எடோ காலத்துல, அதாவது ஷோகுன்ங்கற ராணுவத் தலைவருங்க ஜப்பானை ஆண்ட 1603ல இருந்து 1868 வரைக்கும், இந்த ஊர் வியாபாரிங்க கையில பணம் நிறைய இருந்துச்சாம், ஆனா சுத்தி இருக்கற காட்டு மரம் எல்லாம் அரசாங்கத்தோடது, ஹினோக்கி மாதிரி உசந்த மரத்தை சாதாரண ஜனங்க வீட்டுக்குப் போடக்கூடாதுன்னு கட்டுப்பாடு, அதனால என்ன மரம்னு வெளியில தெரியாத மாதிரி புகைக்கரியைக் குழைச்சுப் பூசிடுவாங்களாம். அதுவரைக்கும் அழகுக்கு அடிச்ச பெயிண்ட்டுன்னு நினைச்சிட்டிருந்த எனக்கு அந்தக் கறுப்பு ஒரு ஊரே சேந்து காப்பாத்தின ரகசியமா தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

அங்கேருந்து நேரா கூட்டிட்டுப் போனது குசாகாபேங்கற வியாபாரி குடும்பத்து வீட்டுக்கு. 1875ல ஒரு பெரிய தீ விபத்து, அதுல எரிஞ்சு போய் 1879ல திரும்பக் கட்டின வீடு, கட்டின ஆசாரி பேரு கவாஜிரி ஜிசுகே. அதுக்குள்ள ஷோகுன் ஆட்சி போய் மெய்ஜி மன்னர் ஆட்சி வந்து பழைய தடை எல்லாம் போயிடுச்சு, அதனால அத்தனை வருஷம் ஆசைப்பட்டும் போட முடியாத ஹினோக்கி மரத்தை இந்த வீட்டுல போட்டுக் கட்டியிருக்காங்க. உள்ள போய் அண்ணாந்து பாத்தா தலைக்கு மேல தடித்தடியா உத்திரம், மனசுல இருந்ததை எல்லாம் ஒரே மூச்சுல சொல்லித் தீத்த மாதிரி இருக்கும். தெருவுல கறுப்புப் பூச்சைப் பாத்துட்டு உடனே இந்த வீட்டைப் பாக்கணும், அந்த வரிசையில பாத்தாதான் அது புரியும், வரிசை தெரிஞ்சவங்க கூட இருந்தாதான் நடக்கும்.

வழி காட்டறதுக்கு அந்த ஊர்ல கைடு வேண்டவே வேண்டாம், தொலைஞ்சு போறது கஷ்டம். மரத்தைப் படிச்சுக் காட்டறதுக்குத்தான் ஆள் வேணும். ஏன்னா அந்த ஊரே ஆசாரிங்க ஊர். 718ல எழுதின யோரோ சட்டத்துலயே ஹிடாவுக்குன்னு தனி விதி இருக்கு: துணி மாதிரி பொருளா கட்டற வரி, உடலுழைப்புக்குப் பதிலா கட்டற வரி, ரெண்டும் வேண்டாம், அதுக்குப் பதிலா அம்பது வீடு சேந்த ஒரு ஊருக்குப் பத்து தச்சர்னு தலைநகருக்கு அனுப்பணும். மலைநாடு, விளைச்சல் கம்மி, குடுக்கறதுக்குக் கைத்தொழில்தான் இருந்துச்சு. அப்படிப் போனவங்கதான் நாரா, கியோட்டோ பக்கம் கோயிலும் அரண்மனையும் கட்டற வேலையில நின்னாங்க. வரிக்குப் பதிலா கைவேலையைக் குடுத்த ஊர், அதுக்கப்புறம் ஆயிரம் வருஷம் கழிச்சு அதே கை வேலையை சொந்த வீட்டுல காட்டறதுக்கே தடைன்னா அந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அங்க நிக்கும்போது எனக்கு இதே நினைப்புதான்.

கேள்வி: தகாயாமா ஜின்யான்னு ஒரு பழைய ஆபீஸ் இருக்காமே, கோட்டை அரண்மனைன்னா ஓகே, ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல பாக்க என்ன இருக்கு? (சரித்திரம் படிக்கற மாணவி)

தங்கச்சி, நீ சரித்திரம் படிக்கறவ, அந்த ஊர்ல ஒரே ஒரு இடம்தான் பாக்க முடியும்னா நீ பாக்க வேண்டியது அதுதான்.

கனமோரி நகச்சிகாங்கற தளபதி 1585ல ஹிடாவைப் பிடிச்சு, மலை மேல கோட்டை கட்டி, கீழ வியாபாரிங்களுக்குத் தெரு போட்டு, கிழக்குப் பக்கம் கியோட்டோ மாதிரி கோயில் வரிசையை அமைச்சான். அவன் பரம்பரை நூறு வருஷத்துக்கு மேல ஆண்டுச்சு. 1692ல டோக்குகாவா ஷோகுன் அந்தக் குடும்பத்தை வடக்கே வேற ஊருக்கு மாத்திட்டு ஹிடாவை நேரா தன் கைக்குள்ள வெச்சுக்கிட்டாரு, காரணம் காடும் சுரங்கமும்தான். கோட்டையை 1695ல இடிச்சாச்சு. அதுக்கப்புறம் எடோவுல (இப்ப டோக்கியோ) இருந்து ஒரு அதிகாரி வந்து உக்காந்து வரி வாங்கி, வழக்கு விசாரிச்சு, மரம் வெட்டறதைக் கணக்குப் பாத்த இடம்தான் ஜின்யா. ஜப்பான் முழுக்க இப்படி ஆபீஸ் நிறைய இருந்துச்சு, ஆனா முக்கியக் கட்டிடம் இன்னிக்கும் அப்படியே நிக்கறது இது ஒண்ணுதான். 1969 வரைக்கும் கூட அரசாங்க ஆபீஸா ஓடிட்டு இருந்த இடம்.

உள்ள போனதும் என் கைடு அம்மா கீழ குனிஞ்சு காட்டினது சுவத்துல மரச்சட்டத்தோட ஆணித்தலை மேல மூடியிருக்கற சின்ன முயல். விரல் அளவுதான் இருக்கும், நேரா உன்னைப் பாக்கற மாதிரி முகம், ரெண்டு காதும் மேல தூக்கி வெச்சிருக்கும். தனியா போனா நூறு பேருல தொண்ணூறு பேரு அதைப் பாக்காம தாண்டிடுவாங்க. ஏன் முயல்னா, காது நீளம், ஜனங்க சொல்றதை ஆபீஸ்ல இருக்கறவங்க நல்லாக் கேக்கணும்னு ஒரு விளக்கம், தீ பிடிக்காம காக்கும்னு இன்னொரு நம்பிக்கை.

அதைக் காட்டிட்டு அந்த அம்மா ஒண்ணுமே பேசாம விசாரணை நடக்கற கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கூழாங்கல்லு போட்ட தரை, அதுல முட்டி போட வெச்சுத்தான் விசாரிப்பாங்க, சித்திரவதைக்கு வெச்சிருந்த சாமான் எல்லாம் அங்கேயே இருக்கு. அங்க நின்னுட்டுத்தான் ஓஹாரா கலகத்தைச் சொன்னாங்க. 1771ல இருந்து 1788 வரைக்கும், பதினெட்டு வருஷம் ஹிடா விவசாயிங்க எதுத்து நின்னாங்க. ஓஹாராங்கற அதிகாரி, அவனுக்கப்புறம் அவன் மகன், நிலத்தைத் திரும்ப அளந்து வரியை ஏத்தினதுதான் காரணம். நிறைய பேருக்கு மரண தண்டனை. அதுல ஹோங்கோ கிராமத்து ஜென்குரோன்னு ஒரு பையன், தலைமை தாங்கினவங்கள்ல ஒருத்தன், தலையை வெட்டினப்ப வயசு பதினெட்டு. சாகறதுக்கு முன்னாடி பொண்டாட்டிக்குக் கடுதாசி எழுதி வெச்சிட்டுப் போனான். கடைசியில மகன் ஓஹாராவைத் தீவாந்தரம் அனுப்பினாங்க, ஆனா செத்தவங்க செத்ததுதான். அந்த அம்மா இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்துச்சு, இருநூத்தம்பது வருஷம் ஆகியும். காது தூக்கின முயலும் கூழாங்கல்லும் ஒரே கூரைக்குக் கீழ இருக்குன்னு எந்த ஆப்பும் சொல்லாதும்மா.

பின்னாடி இருக்கற அரிசிக் களஞ்சியத்தை விட்டுடாதே. இடிச்ச கோட்டையில இருந்து பிரிச்சு எடுத்துட்டு வந்து நிறுத்தினது. கொஞ்சம் தள்ளி நின்னு பாரு, சுவர் நாலு பக்கமும் லேசா உள்பக்கம் சாய்ஞ்சிருக்கும். அரிசி மூட்டையோட பாரம் சுவத்தை வெளியில தள்ளும்ல, அதைத் தாங்கறதுக்கு ஆசாரி அப்பவே கணக்குப் போட்டு சாய்ச்சது. காலையில 8.45க்குத் திறப்பாங்க, பஸ் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போயிடு.

கேள்வி: நல்ல கைடை எப்படித் தேடறது? லைசென்ஸ் இருக்கணுமா? டிப்ஸ் எவ்ளோ குடுக்கணும்? (குடும்பத்தோட போற ஒரு அப்பா)

ஜப்பான்ல 1949லயே கைடுகளுக்குச் சட்டம் போட்டு, தேசிய அளவுல பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவங்க மட்டும்தான் காசு வாங்கிட்டு வெளிநாட்டு மொழியில கூட்டிட்டுப் போகலாம்னு வெச்சிருந்தாங்க. 2018 ஜனவரியில அதைத் தளர்த்திட்டாங்க, இப்ப லைசென்ஸ் இல்லாதவங்களும் கூட்டிட்டுப் போகலாம், ஆனா லைசென்ஸ் கைடுங்கற பட்டத்தை பரீட்சை பாஸ் பண்ணினவங்கதான் போட்டுக்க முடியும். ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் பயிற்சி எடுத்து அந்தப் பகுதி லைசென்ஸ் வாங்கறவங்களும் உண்டு, தகாயாமா மாதிரி ஊருக்கு எனக்கு அவங்கதான் பிடிக்கும்.

லைசென்ஸை விட நான் பாக்கறது வேற. புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டு, எங்களுக்கு வீடு கட்டின விதத்துல ஆர்வம், இல்ல சாப்பாட்டுல ஆர்வம், குழந்தைங்க இருக்காங்க, இப்படி உங்க விஷயத்தை எழுதுங்க. பதில்ல வழக்கமான அட்டவணையை அப்படியே அனுப்பினா விட்டுடுங்க, திரும்ப ரெண்டு கேள்வி கேட்டு எழுதறவங்களைப் பிடிச்சுக்கோங்க. என் அனுபவத்துல இன்னொரு ஊர்ல ஒருத்தரைப் பிடிச்சேன், மூணு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் கடை கடையா ஏத்தி இறக்கினாரு, கோயில் வாசல்ல அஞ்சு நிமிஷம், வயித்தெரிச்சலா போச்சு. அதுக்கப்புறம்தான் எந்தெந்த இடம், எவ்ளோ நேரம்னு முன்கூட்டியே எழுத்துல கேட்டு வாங்கற பழக்கம் வந்துச்சு.

கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இல்ல, குழுவுக்குத்தான், நீங்க நாலு பேருன்னா பிரிச்சுப் பாத்தா கம்மியாத்தான் வரும். நுழைவுச் சீட்டு, கைடோட டிக்கெட், மதியம் தாண்டினா அவங்க சாப்பாடு, இதெல்லாம் உள்ள சேந்ததா தனியான்னு கேட்டுடுங்க. கையில காசு கம்மின்னா காசு வாங்காத வாலன்டியர் கைடுங்களும் பல ஊர்ல இருக்காங்க, அவங்களுக்கு போக்குவரத்து, டிக்கெட், சாப்பாடு செலவை நீங்க பாத்துக்கணும், முன்னாடியே எழுதிக் கேக்கணும், கடைசி நேரத்துல கிடைக்க மாட்டாங்க. டிப்ஸ் வேண்டாம் சார், அங்க அந்தப் பழக்கம் இல்ல, நீட்டினா அவங்களுக்குத் தர்மசங்கடம் ஆயிடும். சின்னதா ஒரு இனிப்புப் பெட்டி கொண்டு போய் கடைசியில ரெண்டு கையாலயும் குடுங்க, அது மரியாதை. அப்புறம் நேரம். 9 மணின்னா 8.55க்கு நீங்க அங்க நிக்கணும்.

அரை நாள் போதும். காலையில அவங்க கூட நடங்க, மத்தியானத்துல இருந்து தனியா அதே இடத்துக்குத் திரும்பப் போங்க.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயசு, முட்டி வலி. மலை ஊர்னு சொல்றீங்களே, நடக்க முடியுமா? (மகள்)

பயப்படாதீங்க. ஊர் கிட்டத்தட்ட 570 மீட்டர் உயரத்துல இருக்கு, ஆனா சுத்தித்தான் மலை, நடுவுல ஊர் இருக்கற இடம் தட்டையான கிண்ணம் மாதிரி. ஸ்டேஷன்ல இருந்து ஜின்யா, சிவப்பு நகாபாஷி பாலம், சன்மாச்சி, மியாகாவா ஆத்தோரச் சந்தை எல்லாம் சமதரை. கனமோரி அமைச்ச கிழக்குப் பக்கக் கோயில் வரிசை, கோட்டை இருந்த மலை, அது ரெண்டும் ஏத்தம், அம்மாவுக்கு வேண்டாம்.

கஷ்டம் ரெண்டு இடத்துல. ஒண்ணு, பழைய வீடு எதுலயும் செருப்பைக் கழட்டிட்டு உயரமான படியில ஏறணும், சில வீட்டுல கைப்பிடி இருக்காது, சின்ன மடக்கு ஸ்டூல் இருந்தா உக்காந்து கழட்டலாம்னு கைடுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ஏற்பாடு பண்ணுவாங்க. ரெண்டாவது, தெருவோரம் ரெண்டு பக்கமும் ஓடற தண்ணி வாய்க்கால். தீ பிடிச்சா அணைக்க, பனியைத் தள்ளிக் கரைக்க அந்தக் காலத்துல இருந்தே உதவற வாய்க்கால், தெளிவா ஓடும், சத்தம் கேக்கவே இதமா இருக்கும், ஆனா வீட்டை அண்ணாந்து பாத்துட்டே ஓரமா நடந்தா கால் உள்ள போயிடும். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பனி, ராத்திரி மைனஸ் பத்துக்குக் கீழ கூடப் போகும், தரை கண்ணாடி மாதிரி வழுக்கும், அம்மாவோட போறதுன்னா அந்த மாசங்களைத் தவிர்த்துடுங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். அந்த ஊரே மாட்டுக்கறிக்குப் பேர் போனதாமே, பட்டினிதானா?

ஹிடா மாட்டுக்கறி அங்க பெரிய பேரு, தெருவுல நடந்தா வாசனை வரும், அது அவங்க ஊர் உணவு. உங்களுக்கு நிஜமான பிரச்சினை அது இல்ல, தஷி. மீனைக் காய வெச்சு சீவி எடுக்கற சாறு, அது சூப்புல, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கற சாஸ்ல, வேக வெச்ச காய்ல, டோஃபுல கூட இருக்கும். கடைக்காரர் இறைச்சி இல்லைன்னு சொல்றது பொய் இல்ல, மீன் சாறை அவர் இறைச்சியாவே நினைக்கறது இல்ல, அவ்வளவுதான். அதனால கைடுகிட்ட முதல் காரியமா, இறைச்சி, மீன், மீன் சாறு மூணும் வேண்டாம்னு ஒரு அட்டையில ஜப்பானிய மொழியில எழுதி வாங்கிக்கோங்க. அந்த ஒரு அட்டை மிச்ச பயணம் முழுக்க சோறு போடும்.

தெருவுல மித்தராஷி டாங்கோன்னு அரிசி மாவு உருண்டையைக் குச்சியில குத்தி நெருப்புல சுட்டுத் தருவாங்க, மத்த ஊர்ல இனிப்பா இருக்கும், தகாயாமாவுல வெறும் சோயா சாஸ் தடவி உப்பா, சூடா, லேசா கருகின வாசனையோட தருவாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும். கோஹெய் மோச்சி, சோத்தை மசிச்சு சுட்டு மேல வால்நட் கலந்த விழுது தடவினது, அதுவும் வயிறு ரொம்பும். காலைச் சந்தையில செக்கச்செவேல்னு டர்னிப் ஊறுகாய் வெச்சிருப்பாங்க, கிழவிங்க ஒரு துண்டு ருசி பாக்கத் தருவாங்க. எல்லாத்துலயும் அட்டையை ஒரு தடவை காட்டிட்டுச் சாப்பிடுங்க. முழுச் சாப்பாடு வேணும்னா, புத்த மடத்து சைவ சமையல், ஷோஜின் ரியோரின்னு பேரு, அதை முன்பதிவு பண்ணி ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்க, பூண்டு வெங்காயம் கூடக் கிடையாது. குச்சியில வாங்கினதைக் கடை முன்னாடியே நின்னு சாப்பிட்டு குச்சியை அங்கயே குடுத்துடுங்க, தெருவுல குப்பைத்தொட்டி கண்ணுல படாது.

கேள்வி: தேர்த்திருவிழா சமயத்துல போனா நல்லதா? (தேதி பாத்துட்டு இருக்கற ஒரு தம்பதி)

வருஷத்துக்கு ரெண்டு. ஏப்ரல் 14, 15 ஹியே கோயில் திருவிழா, 12 தேர். அக்டோபர் 9, 10 சகுராயாமா ஹச்சிமான் கோயில் திருவிழா, 11 தேர். கிழமை எதுன்னாலும் தேதி மாறாது. அவங்க யதாய்னு சொல்ற அந்தத் தேர் ஒவ்வொண்ணும் தச்சர், சிற்பி, அரக்குப் பூசறவர், நெசவாளர்னு பல கை சேந்து பண்ணினது, 2016ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. சில தேர்ல பொம்மைங்க ஆடும். இலையுதிர் திருவிழாவுல ஹோத்தெய்ங்கற தேர்ல 36 கயிறைப் பல பேர் மறைஞ்சு நின்னு இழுக்க, ரெண்டு சின்னப் பிள்ளை பொம்மை ஊஞ்சல் கட்டையில ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவித் தாவிப் போய் தொப்பைக்கார ஹோத்தெய் தோள்ல ஏறி நிக்கும், கூட்டமே மூச்சைப் பிடிச்சுட்டுப் பாக்கும்.

ஆனா கூட்டம்னா கூட்டம். ரூம் பல மாசம் முன்னாடியே போயிடும், கைடு கிடைச்சாலும் சத்தத்துல அவங்க பேசறது காதுல விழாது. மழை வந்தா தேரை வெளியவே எடுக்க மாட்டாங்க. முதல் தடவை போறவங்களுக்கு நான் சாதாரண நாளைத்தான் சொல்வேன், தேரைத் தேர் மண்டபத்துல நிதானமா பாக்கலாம். அதோட கைடு கூடப் போனா வீடுகளுக்கு நடுவுல அங்கங்க ஒல்லியா, வெள்ளைச் சுவரோட, ரெண்டு மாடி உசரத்துக்கு ஒரே கதவு போட்ட கட்டிடம் இருக்கும், அதைக் காட்டுவாங்க. அதுதான் தேர்க்கொட்டகை. அந்தந்த தெருக்காரங்க தேர் அந்தந்த தெருவுலயே தூங்குது, காவலும் பராமரிப்பும் அவங்க பொறுப்பு. நான் பாத்தப்ப ஒரு கொட்டகை முன்னாடி ஒரு பெரியவர் கதவுக்குக் கீழ சேர்ந்த இலையைத் துடைப்பத்தால கூட்டிட்டு இருந்தாரு, திருவிழாவுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருந்துச்சு.

கேள்வி: ஒரே நாள்ல ஷிரகாவாகோவும் சேத்து கைடு கூடப் பாத்துடலாமா?

முடியும், ஆனா வேண்டாம்னுதான் சொல்வேன். தகாயாமாவுல இருந்து பஸ்ல அம்பது நிமிஷம், 1995ல உலக பாரம்பரிய இடமா அறிவிச்ச கிராமம், கை கூப்பின மாதிரி செங்குத்தா வைக்கோல் கூரை, உள்ள பரண்ல பட்டுப்புழு வளத்தாங்க, தரைக்குக் கீழ வெடிமருந்துக்கு உப்பு கூடத் தயார் பண்ணினாங்க, நிச்சயம் பாக்க வேண்டிய இடம்தான். ஆனா ரெண்டையும் ஒரு நாள்ல அடைச்சா ரெண்டுமே போட்டோ ஆல்பம் ஆயிடும். ஒரே நாள்தான் இருக்குன்னா தகாயாமா ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ பஸ்ல ஹிடா நோ சாத்தோ இருக்கு, 1971ல திறந்தது, சுத்துப்பட்டு மலை ஊர்ல இருந்து 30க்கு மேல பழைய கட்டிடங்களைப் பிரிச்சுக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. அடுப்புல விறகு எரியும், அந்தப் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காம காப்பாத்துது. கூட்டமும் ரொம்பக் கம்மி.

கேள்வி: தமிழ்ல பேசற கைடு கிடைப்பாங்களா? கார்டு செல்லுமா?

இங்கிலீஷ் கைடுன்னே வெச்சுக்கோங்க, நிதானமா தெளிவா பேசுவாங்க. பெரிய கடை, ஹோட்டல்ல கார்டு ஓடும், சந்தைக் கிழவிங்ககிட்ட யென் நோட்டும் சில்லறையும்தான்.

கேள்வி: அங்கேருந்து என்ன வாங்கிட்டு வரலாம்? சிவப்பா முகமே இல்லாத ஒரு பொம்மையைப் படத்துல பாத்தேன்.

அது சருபோபோ, அவங்க பேச்சுல குரங்குக் குட்டின்னு அர்த்தம். பாட்டிங்க பேரப்பிள்ளைங்களுக்குத் தைச்சுக் குடுத்தது, பிள்ளைக்கு நோய்நொடி வராம, பொண்ணுங்களுக்கு நல்ல இடம் அமையணும்னு. மூஞ்சி இல்லாததால நாம சந்தோஷமா இருந்தா அதுவும் சிரிக்கும், அழுதா அதுவும் அழும்னு சொல்வாங்க.

காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லைன்னா ஹிடா ஷுங்கெய் அரக்குச் சாமான் ஒண்ணு, சின்னத் தட்டு போதும். 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்து வர்ற வேலை. மத்த ஊர் அரக்குல பெரும்பாலும் கறுப்போ சிவப்போ அடிச்சு மரமே தெரியாது, இதுல தேன் நிறத்துல கண்ணாடி மாதிரி பூசி மரத்தோட ரேகை அப்படியே தெரியற மாதிரி விட்டுடுவாங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா உள்ள ரேகை நகர்ற மாதிரி இருக்கும். ஊருக்குள்ள வீட்டு மரத்தைக் கரி பூசி மறைச்ச அதே காலத்துல, கையில பிடிக்கற தட்டுல மரத்தைக் காட்டியே தீருவேன்னு பண்ணியிருக்காங்க பாருங்க, எனக்கு அந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். இச்சீங்கற மரத்துல வண்ணமே அடிக்காம உளியால மட்டும் செதுக்கற பொம்மைங்களும் உண்டு, வருஷம் ஆக ஆக மரமே நிறம் ஏறும்.

கேள்வி: கைடு போனதுக்கப்புறம் மிச்ச நாள் என்ன பண்றது? ஊர் சீக்கிரம் அடைஞ்சிடுமாமே? (தனியா போற வாசகி)

ஆமாம், அஞ்சு மணிக்குக் கடை எல்லாம் சாத்திடுவாங்க, பகல்ல வந்த பஸ் கூட்டமும் கிளம்பிடும். அதுக்காகத்தான் ராத்திரி அங்கேயே தங்கச் சொல்றேன். மத்தியானம் யோஷிஜிமா வீட்டுக்குத் தனியா போங்க, குசாகாபே வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, அந்த இடமும் தீயில போய் 1907ல திரும்பக் கட்டினது, நிஷிதா இசாபுரோங்கற ஆசாரி வேலை. ரெண்டு மணி வெயில்ல உசரத்துல இருக்கற ஜன்னல் வழியா வெளிச்சம் இறங்கி தூண், உத்திரம், குறுக்குச் சட்டம் எல்லாத்து மேலயும் படியும். மண் தரையில ஓரமா உக்காந்து அது நகர்றதைப் பாத்துட்டு இருங்க, யாரும் விரட்ட மாட்டாங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல திரும்ப சன்மாச்சிக்கு வாங்க. சாக்கேங்கற அரிசி மது காய்ச்சற கடை வாசல்ல தேவதாரு இலையில கட்டின பெரிய பந்து தொங்கும், புது சாக்கே வந்ததும் பச்சையா கட்டுவாங்க, அது காய்ஞ்சு பழுப்பாக ஆக உள்ள மதுவும் பக்குவமாகுதுன்னு அர்த்தம், காலையில கைடு சொன்னது அப்ப ஞாபகம் வரும், எந்தக் கடையில எந்த நிறம்னு நீங்களே பாத்துட்டு நடப்பீங்க. கதவெல்லாம் மூடி, மர அழிக்குப் பின்னாடி யாரோ வீட்டு விளக்கு மட்டும் கோடு கோடா தெரியும். காலையில ஜனச் சத்தத்துல காதுலயே விழாத வாய்க்கால் தண்ணி அப்பதான் தெரு முழுக்கக் கேக்கும். ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க, மே மாசத்துலயும் குளிரும்.